லேப்டாப்பை எடைக்குப் போடாதே

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. புது லேப்டாப்புக்குத் தவணை விசாரிக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். கொஞ்சம் பொறு. உன் பழைய லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும் என்கிறது. உன்னுடையது ஆறாம் தலைமுறை. அதைத் தவிர அந்த லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடலாம்; அதற்கு 4 ஜிபி ராம் போதும். மின்ட் 22 போட்டால் 2029 வரை அப்டேட் வரும். நல்ல பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடாதே. நான் பார்த்தவரை, அப்படிப் போட்ட வாரமே திரும்பிப் போனவர்கள்தான் அதிகம். மென்பொருளை முதலில் மாற்று, சிஸ்டத்தைக் கடைசியில் மாற்று. இப்போதிருக்கும் விண்டோஸிலேயே ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபீஸ், விஎல்சி மூன்றையும் போட்டு ஒரு மாதம் உன் பள்ளி வேலையைப் பார். மூன்றும் லினக்ஸிலும் அப்படியே இருக்கும். லிப்ரெஆபீஸில் வேர்டு ஃபைலைத் திறந்தால் அட்டவணை சில சமயம் நகர்ந்துவிடும்; தலைமையாசிரியருக்கு அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்பு.

எனக்குக் கவலையெல்லாம் உன் வினாத்தாள்கள்தான். பாமினி ஃபான்ட்டில் அடித்தவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அதனால் ஃபான்ட் ஃபைலைத் தனியாக எடுத்து வை. லினக்ஸிலும் அதை நிறுவலாம். தேவையானவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்று. மாற்றியதும் ஒரு வரி விடாமல் படி. கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். நடுவே இருந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று நினைத்துக் குழப்பி வைத்திருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் லினக்ஸுக்குப் போகாவிட்டாலும் நீ செய்ய வேண்டியது. இனி அடிப்பதைத் தமிழ்99-இல் அடி. லினக்ஸில் ஐபஸ்-எம்17என் போட்டால் அந்தக் கீபோர்டு கிடைக்கும்.

அதன்பிறகு பென்டிரைவில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய். 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா, வீடியோ காலில் உன் குரல் கேட்கிறதா என்று பார். பென்டிரைவில் ஓடும்போது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதே. பிரிண்டர் மட்டும் சண்டித்தனம் செய்யலாம். சில மாடல்களுக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக அமைவதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் நிறுவு. நிறுவியதும் முதல் வேலையாக டைம்ஷிஃப்டை இயக்கிவிடு. அப்டேட்டில் ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்கே சிஸ்டத்தைத் திருப்பிவிடலாம். உன் ஃபைல்களை அது காப்பாற்றாது, அவற்றுக்குத் தனி காப்பி வேண்டும்.

அப்பாவின் கடைக் கம்ப்யூட்டரில் கை வைக்காதே. அவன் கணக்குப் பார்க்கும் டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவனுக்கு விண்டோஸ்தான் சரி.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டு வா. மின்ட்டை எழுதும்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியாகக் கொண்டு வா. பிரிண்டரின் மாடல் நம்பரையும் குறித்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா