இமாம் கஸ்ஸாலி தம்மையே கேட்ட கேள்வி

வியாபாரிகளாகிய நாம் எடைக்கல்லைச் சோதிக்கிறோம். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். நம் அபிப்பிராயங்களை அப்படிப் பார்த்ததுண்டா? "அந்தக் கம்பத்தாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது" என்கிறோம். நம் பேரேடு அப்படிச் சொல்கிறதா, அல்லது முன்னிருந்த முதலாளி சொல்லிவிட்டுப் போனதா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1058-இல் தூஸ் நகரில் பிறந்து, 1091-இல் பக்தாத் நிஜாமிய்யா கலாசாலையின் பேராசிரியரானவர்கள். தம் அறிவு எதன்மேல் நிற்கிறது என்று தம்மையே விசாரித்த கதையை 'அல் முன்கித்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார்கள். கண்ணை நம்பலாமா என்பது முதற் கேள்வி. நிழல் அசையாது நிற்பதாகக் கண் சொல்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. பாலிக் புலாவ் கடைத்தெருவில் நம் கடைவாசல் நிழலைப் பார்த்தாலே இது விளங்கும். நட்சத்திரம் ஒரு தீனார் அளவாகத் தோன்றுகிறது. கணிதமோ அது பூமியினும் பெரிதென்கிறது. கண் பொய்த்தால் அறிவு மட்டும் பொய்க்காதா? இந்தச் சந்தேகம் ஏறக்குறைய இரண்டு மாதம் அவர்களை வாட்டியது. அதை நோய் என்றே எழுதுகிறார்கள். தீர்த்தது வாதமன்று, இறைவன் உள்ளத்தில் இட்ட ஒளி என்றும் சொல்கிறார்கள்.

தத்துவ ஞானிகளை மறுக்க எண்ணியபோது அவர்கள் செய்ததுதான் நமக்கு அதிகம் பயன்படும். முந்நூறு மாணவருக்குப் பாடம் சொல்லிய நேரம் போக, மிஞ்சிய பொழுதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்நூல்களைப் படித்தார்கள். மேலும் சுமார் ஓராண்டு சிந்தித்தார்கள். எதிராளியின் கொள்கையை விளக்கி 'மகாஸித்' எழுதிய பின்னரே, 'தஹாஃபுத்' என்னும் மறுப்பை எழுதினார்கள். துரியான் காலத்தில் தோட்டக்காரர் கணக்கைச் சொல்லி முடிக்குமுன்பே தீர்ப்புக் கூறும் நம்மவருக்கு மூன்று ஆண்டுகள் வேண்டாம். அரைமணி நேரம் காது கொடுத்தால் போதும்!

கடைசிக் கேள்விதான் கடினமானது: நான் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா? நெஞ்சு சொன்ன பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. போவதா இருப்பதா என்று ஆறு மாத காலம் தவித்தார்கள், பாடம் சொல்ல நா எழவில்லை, மருத்துவர்கள் கைவிட்டார்கள். 1095-இல் பதவியைத் துறந்து பக்தாதை விட்டே புறப்பட்டார்கள். 1106-இல் நைஸாபூரில் மறுபடி பாடம் சொல்ல அமர்ந்தபோது, தாம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றார்கள்: முன்பு கற்பித்தது புகழைச் சேர்க்கும் கல்வி, இப்போது கற்பிப்பது புகழை விடும் கல்வி.