கேள்விக்குறிகளாக மாறிய பெயர்கள்

"டயலொக்" என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் சிம் அட்டைதான் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது அதைப் பற்றியல்ல. கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது "சேமிக்கவா, வேண்டாமா?" என்று கேட்டு ஒரு சிறிய பெட்டி எழுந்து நிற்குமே, அதைப் பற்றி. அதனைத் தமிழில் உரையாடல் பெட்டி என்பார்கள். அழகான பெயர். ஒரு மனிதருடன் கணினி பேசும் இடம் அது. அந்தப் பேச்சு குழம்பினால் என்ன நடக்கும், அதை எப்படித் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தலாம் என்பதை, நான் செய்த பிழைகளைக் கொண்டே தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சாச்சியின் கொப்பி

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சாச்சி வீட்டிலேயே உடுப்புத் தைக்கிறார். யாருக்கு என்ன அளவு, எந்தத் திகதியில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கும். போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் கூரை ஒழுகி, கொப்பி நனைந்து, மை கரைந்துவிட்டது. ஒவ்வொருவரையும் மறுபடி கூப்பிட்டு அளவெடுக்க வேண்டிவந்தது. "நான் உங்களுக்கு ஒரு செய்நிரல் எழுதித் தாறன் சாச்சி" என்று வாக்குக் கொடுத்தேன்.

உயர்தரப் பாடத்திட்டத்தில் நாம் படிப்பது பைதன். ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நானா பாவித்த கணினியில் விஷுவல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு இருந்தது. சி பிளஸ் பிளஸ்ஸில் விண்டோஸ் பெட்டி ஒன்றை நேரடியாகச் செய்து பார்க்கும் ஆசையில் அதிலேயே தொடங்கினேன்.

பெட்டிக்குள் இருப்பவை

ஓர் உரையாடல் பெட்டிக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று அதன் வரைபடம்: எந்த இடத்தில் எழுதும் கட்டம், எந்த இடத்தில் பொத்தான் என்று சொல்லும் வளக் கோப்பு. மற்றையது, பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நிரல். இரண்டையும் இணைப்பது எண்கள். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும், அதாவது ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும், ஓர் அடையாள எண் உண்டு. "சரி" பொத்தானுக்கு 1, "இரத்து" பொத்தானுக்கு 2 என்பது விண்டோஸின் வழக்கம். வெறும் தலைப்புச் சொற்களுக்கு எல்லாம் பொதுவாக -1 என்ற ஒரே எண்தான் கிடைக்கும்.

இதை அறியாமல் "மொத்தம்" என்ற தலைப்பை நிரலால் மாற்ற முயன்று அரை நாளை வீணாக்கினேன். ஒரு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சுட்டெண் இருந்தால் டீச்சர் யாரைக் கூப்பிடுவார்? அந்தத் தலைப்புக்குத் தனி எண் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு கட்டங்களுக்குத் தவறுதலாக ஒரே எண் விழுந்தாலும் இதே கதைதான்: முதலாவது கட்டம் மட்டுமே பதில் சொல்லும்.

அடுத்து, ஒப்படைக்கும் திகதிக்காக நாட்காட்டிக் கட்டம் ஒன்றைச் சேர்த்தேன். அதன்பின் பெட்டியே திறக்கவில்லை. வழுச் செய்தியும் இல்லை. உண்மையில் விண்டோஸ் செய்தி சொல்லியிருந்தது, கேட்காமல் விட்டது நான். பெட்டியைத் திறக்கும் கட்டளை தோற்றால் -1 என்ற விடையைத் திருப்பித் தரும். அந்த விடையை வாங்கிப் பார்த்து, கடைசி வழு எது என்று கேட்டபோது 1407 என்று வந்தது. "அப்படி ஒரு வகை உறுப்பை எனக்குத் தெரியாது" என்பது அதன் பொருள். நாட்காட்டி போன்ற சில உறுப்புகளைப் பாவிக்க முன்னர், அவற்றைத் தயார்ப்படுத்தும்படி ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியைச் சேர்த்ததும் பெட்டி திறந்தது.

வெள்ளவத்தையில் ஓடியது, கொட்டாஞ்சேனையில் ஓடவில்லை

செய்நிரலைப் பென்னில் போட்டுக்கொண்டு சாச்சி வீட்டுக்குப் போனேன். அங்கே அது திறக்கவே இல்லை. சாச்சியின் பழைய கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ். நான் கட்டியதோ 64 பிட். 32 பிட்டில் கட்டியது இரண்டு வகை விண்டோஸிலும் ஓடும். 64 பிட்டில் கட்டியது 32 பிட்டில் ஓடாது.

அதைத் திருத்திக்கொண்டு மறுபடி போனால், ஒரு டி.எல்.எல். கோப்பு இல்லை என்றது. கோப்பின் பெயர் "140டி" என்று முடிந்திருந்தது. அந்த "டி" என்ற எழுத்துத்தான் துப்பு. விஷுவல் ஸ்டூடியோவில் டிபக், ரிலீஸ் என்று இரண்டு வகையாகக் கட்டலாம். டிபக் என்பது செய்பவருக்கானது. அதற்கு வேண்டிய கோப்புகள் விஷுவல் ஸ்டூடியோ இருக்கும் கணினியில் மட்டுமே இருக்கும். பாவிப்பவருக்குக் கொடுக்க வேண்டியது ரிலீஸ். வேண்டிய நூலகத்தையும் செய்நிரலுக்குள்ளேயே சேர்த்து ரிலீஸ் வகையில் கட்டினேன். மூன்றாம் முறை திறந்தது. சாச்சி தமிழ் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்துவதைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்துச் சாச்சி தொலைபேசியில் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"மகள், நான் எதையோ பிழையா அமத்திட்டன் போல. எழுதின பேர் எல்லாம் கேள்விக்குறியா வருது. ஒங்கட வேலைய நான் பழுதாக்கிட்டேனா?"

இரண்டு இரவுகள் விழித்திருந்து முப்பத்திரண்டு பேரின் பெயர்களை எழுதியிருந்தார். அத்தனையும் கேள்விக்குறிகள். பிழை செய்தது நான், வெட்கப்பட்டது சாச்சி. அந்தக் குரல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஒன்பது கேள்விக்குறிகள்

பத்தாம் தரத்தில் பி.சி.டி., ஆஸ்கி, எப்சிடிக், யூனிகோட் என்று நான்கு குறியீட்டு முறைகளைப் பரீட்சைக்காக மனனம் செய்தோம். அது ஏன் முக்கியம் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆஸ்கியில் 128 குறிகள் மட்டுமே உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். பிற மொழிகளுக்காக விண்டோஸ் குறிப்பக்கங்கள் என்ற அட்டவணைகளை வைத்திருந்தது. அரபுக்கு 1256, தாய்லாந்து மொழிக்கு 874. தமிழுக்கு அப்படி ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. அதனால்தான் பாமினி போன்ற எழுத்துருக்கள் நம் நாட்டில் பரவின. பாமினியில் "அம்மா" என்று தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை மாற்றினால் அம்மா காணாமல் போய்விடுவார். யூனிகோடிலோ 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. விண்டோஸ் 2000 முதல் விண்டோஸும் தமிழை அறிந்தது. ஆனால் யூனிகோட் வழியாக மட்டுமே.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு வரியைத் தொகுப்பான் ஏற்க மறுத்தது. "இந்தச் சொல் பழைய வகை, எனக்குத் தேவை அகன்ற வகை" என்பது அது சொன்ன வழு. திட்டத்தின் அமைப்புகளில் எழுத்துத் தொகுதி என்ற இடத்தில் "யூனிகோட்" என்பதை "மல்டி பைட்" என்று மாற்றினால் அந்த வழு போய்விடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். மாற்றினேன். வழு போனதாக நினைத்தேன். அது போகவில்லை, ஒளிந்துகொண்டது.

ஏன் எனக்குத் தெரியவில்லை? பெட்டியின் தலைப்புகள் தமிழில் சரியாகவே தெரிந்தன. பெட்டியின் வரைபடம் எப்போதும் யூனிகோடிலேயே செய்நிரலுக்குள் வைக்கப்படும். கட்டத்தில் எழுதப்படுவதை நிரல் வாங்கும் இடத்தில்தான் அமைப்பு வேலை செய்யும். நான் சோதித்தபோது எழுதிய பெயர்களோ எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழ்ப் பெண், தமிழில் வேலை செய்யும் சாச்சிக்காக எழுதினேன். ஆனால் சோதித்தது ஆங்கிலத்தில்.

திரையில் "ஃபாத்திமா" என்று எழுதிச் சேமித்துத் திறந்தேன். வந்த கேள்விக்குறிகளை எண்ணினேன். ஒன்பது. நம் கண்ணுக்கு ஃ, பா, த், தி, மா என்று ஐந்து எழுத்து. யூனிகோடிலோ காலுக்கும் விசிறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் என்பதால் ஒன்பது. அப்படியானால் விண்டோஸிடம் பெயர் முழுமையாக இருந்திருக்கிறது. என் நிரல் அதைப் பழைய வகையில் கேட்டிருக்கிறது. தமிழுக்கு அட்டவணை இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைக் கொடுத்திருக்கிறது.

தமிழ் பிழையாகத் தெரிந்தால் அது எப்படிப் பிழையாகத் தெரிகிறது என்று முதலில் பாருங்கள்.

சதுரப் பெட்டிகள் தெரிந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை.

தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில "ஏ"யும் வட்டத்துக்குள் "ஆர்" குறியும் திரும்பத் திரும்ப வந்தால், எழுத்து யூடிஎஃப்-8 வடிவில் இருக்கிறது, வாசிக்கும் முறை பிழை. மீட்கலாம்.

கேள்விக்குறிகளே சேமிக்கப்பட்டிருந்தால் எழுத்து போய்விட்டது. மீட்க வழியில்லை.

சாச்சியின் முப்பத்திரண்டு பெயர்களும் மூன்றாவது வகை.

ஒரு பக்கம் திருத்தி மறுபக்கம் மறந்தது

எழுத்துத் தொகுதியை மறுபடி யூனிகோடுக்கு மாற்றினேன். நிரலில் உள்ள சொற்களை இரு வகைக்கும் பொருந்தும் உறைக்குள் இட்டேன். கோப்பில் யூடிஎஃப்-8 ஆக எழுதச் செய்தேன். வீட்டில் பெயர்கள் சரியாக வந்தன. ரிலீஸ் வகையில் கட்டினால், மறுபடியும் கேள்விக்குறிகள்!

அமைப்புச் சாளரத்தின் மேல் மூலையில் "கொன்பிகரேஷன்" என்று ஒரு சிறிய தெரிவு இருக்கிறது. அதில் டிபக் மட்டும் தெரிவாகியிருந்தது. நான் மாற்றியது டிபக்குக்கு மட்டுமே. ரிலீஸ் பழைய அமைப்பிலேயே இருந்தது. நான் இட்ட உறை இரண்டுக்கும் பொருந்துவதால் தொகுப்பானும் எச்சரிக்கவில்லை. அந்த இடத்தில் "எல்லாக் கொன்பிகரேஷன்களும்", பக்கத்தில் "எல்லாத் தளங்களும்" என்று தெரிவுசெய்த பின்னர்தான் அமைப்பை மாற்ற வேண்டும். கண்ணில் படாத இந்தச் சிறிய தெரிவு எனக்கு ஒரு முழு நாளைத் தின்றது.

இன்னொன்றும் மிஞ்சியது. பெயருக்கு 16 இடம் ஒதுக்கியிருந்தேன், அதில் ஒன்று முடிவுக் குறிக்கு. ஆங்கிலத்தில் "ஃபாத்திமா ருக்ஸானா" என்று எழுத இடைவெளியுடன் 15 குறிகள், அது அளவாக அடங்கியது. அதே பெயர் தமிழில் 18. "ஃபாத்திமா ருக்ஸ" என்று வெட்டுப்பட்டது. தமிழ்ப் பெயரின் நீளத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது என்று அன்று கற்றேன். இடத்தை 128 ஆக்கினேன்.

பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோது

இந்த முறை பென்னைக் கொடுத்துவிட்டு வரவில்லை. சாச்சியின் பக்கத்தில் அமர்ந்து, பேசாமல் பார்த்தேன். அவர் பெயரை எழுதி முடித்ததும் என்டரை அழுத்தினார். கொப்பியில் அடுத்த வரிக்குப் போவது போல. பெட்டி மூடிக்கொண்டது! விண்டோஸுக்கு என்டர் என்றால் "சரி" பொத்தான். சாச்சி உடனே கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இல்ல சாச்சி, நீங்க செய்தது சரி. நான் எழுதினதுதான் பிழை" என்றேன்.

அன்றிரவு, கடைசிக் கட்டத்தில் இல்லாதபோது என்டரை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி மாற்றினேன். கட்டங்களின் வரிசையையும் அவர் கொப்பியில் எழுதும் வரிசைக்கே மாற்றினேன்: பெயர், தோள், மார்பு, இடுப்பு, கை, உயரம், திகதி. பெயர்களை இரண்டாம் முறை நானே எழுதிக் கொடுத்தேன். அது என் கடன்.

தோழியரே, செய்நிரல் எழுதும்போது நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். பெட்டியின் வரைபடத்தில் எண்கள் சரியா? கட்டளைகள் திருப்பித் தரும் விடையை நிரல் கேட்கிறதா? அமைப்பு மாற்றம் எல்லா வகைக் கட்டலுக்கும் போய்ச் சேர்ந்ததா? பாவிப்பவரின் கணினி எது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோதிக்கும் முதற் பெயரைத் தமிழில் எழுதுங்கள். ஹ, ஷ, ஸ, ஃ வருகின்ற நம் பெயர்களையே எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கணினியோ கைப்பேசியோ குழம்பும்போது "நான் பழுதாக்கிவிட்டேன்" என்று எங்கள் உம்மாமார் பின்வாங்குகிறார்கள். பெரும்பாலும் பழுது அவர்கள் கையில் இல்லை. அதைச் செய்தவர் அவர்களை நினைத்துச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சாச்சியின் பெட்டியில் நாற்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. ஒன்றிலும் கேள்விக்குறி இல்லை. நனைந்த கொப்பியையும் அவர் வீசவில்லை. "கரண்ட் போனா என்ன செய்றது மகள்?" என்கிறார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் செய்நிரல் இல்லை.