சிவப்பு ஆயில், மஞ்சள் ஆயில்

சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. முன் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்ட என் மலை சைக்கிளை, பனியன் பண்டல் ஏற்றிவந்த ஒரு டாடா ஏஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு காங்கேயம் ரோட்டிலிருந்து காதர்பேட்டை வந்து சேர்ந்தேன். என் பனியன் கடை வாசலில் இறக்கும்போது பக்கத்துக் கடைக்காரர், "ஏனுங்ணா, இந்த விலை குடுத்து வாங்குனது இப்படியுமா நிக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முன் பிரேக் ஒட்டுகிறது, லீவரை விட்டபிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது என்று பங்குனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்த தம்பி லீவரை நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆயில் வத்திருச்சுங்ணா, ஊத்தி ஏர் எடுத்தாச் சரியாப் போயிரும்" என்றார். சைக்கிளுக்குத் தனி ஆயில் கிடையாதா என்று நான் கேட்டேன். கேட்டது உண்மை. "பிரேக் ஆயில்னா எல்லாம் ஒண்ணுதானுங்ணா. பைக்குக்கே இதத்தான் ஊத்துறோம்" என்று சொல்லி டாட் 4 பாட்டிலைத் திறந்தார். பழைய ஆயில் வெளியே வந்தபோது இளஞ்சிவப்பாக இருந்தது, உள்ளே போனது வெளிர் மஞ்சள். நிறம் வேறு என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். லீவர் மேல் சின்ன எழுத்தில் 'மினரல் ஆயில்' என்று அச்சிட்டும் இருந்தது. என் கடைக்கு ஒருத்தர் வந்து முப்பதாம் நம்பர் நூலும் நாற்பதாம் நம்பர் நூலும் ஒன்றுதான் என்று சொன்னால் விடுவேனா? அங்கே விட்டுவிட்டேன். மொத்தத்தில் எனக்கு அதிகம் செலவு வைத்தது அந்த இரண்டு நிமிட மௌனம்தான். 'ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்' என்று பின் பிரேக்கிலும் அதையே ஊற்றினார்கள். கூலியோடு 150 ரூபாய்.

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. இடையில் முன் ஃபோர்க்கில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட் சுருங்கி உப்பியது, கல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். கல் இல்லை, டாட் ஆயில் சிந்திய இடம். அது பெயின்டைத் தின்னும். பைக் மெக்கானிக்குகள் கைதவறி டேங்க் மேல் ஒரு சொட்டு விழுந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சைக்கிளிலும் பேட்டுகளைத் தாங்கும் காலிப்பருக்கு மேலேயோ லீவருக்குக் கீழேயோ பெயின்ட் இப்படிச் சுருங்கியிருந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவன்மலை மலைப்பாதையில் ஏறும்போதே சைக்கிள் இழுத்துப் பிடிப்பது போல இருந்தது. சனிக்கிழமை சம்பளம் போட்டு, லோடு அனுப்பி முடிக்க ராத்திரி பன்னிரண்டு ஆகிவிட்டதால் கால்தான் அசந்திருக்கிறது என்று நினைத்தேன். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தேன். கீழே வருவதற்குள் லீவர் கல்லாக இறுகி, விட்டாலும் திரும்பவில்லை. டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்ததில் விரல் நுனி கொப்பளித்தது. அரைமணி நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்தபிறகு கொஞ்சம் விட்டது, இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது முக்கியமாக அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். குறுக்கே வெட்டினால் சதுரமாக இருக்கும். லீவரை அமுக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாக வளைகிறது, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கிறது. டி-ஷர்ட் கழுத்தில் வைக்கிற ரிப் பட்டியை இழுத்து விட்டால் திரும்பி வருகிறதே, அந்த வேலைதான். மினரல் ஆயில் பிரேக்குகளில் நைட்ரைல் வகை ரப்பர் போடுவார்கள். டாட் 4 ஆயில் கிளைக்கால் வகை, அது நைட்ரைலை ஊறவைத்து உப்பவைக்கும். உப்பிய சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லீவருக்குள்ளும் ஒரு சீல் உண்டு. அது உப்பினால், சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்பிப்போக வேண்டிய ஊசித் துளை அடைபடும். ஆயிலுக்குப் போக இடமில்லை, அதனால் பேட்டைத்தான் தள்ளும். சிவன்மலையில் நடந்தது இதுதான்.

டாட் ஆயில் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபிறகும் 155 வரை தாங்கும். ஹோப் பிரேக்குகளுக்கும் ஹேய்ஸில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த வகைதான் சரி. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல். ஸ்ராமில் டாட் கேட்பவையும் உண்டு, டிபி8 போல மினரல் கேட்பதும் உண்டு, ஆகவே கம்பெனி பேரை மட்டும் நம்பாமல் லீவரில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். டாட்டுக்கு உரிய ரப்பர் வேறு, அதில் மினரல் ஊற்றினால் அதுவும் உப்பிப்போகும்.

உள்ளே இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒரு சொட்டு விடுங்கள். மினரல் ஆயில் மேலே வட்டமாக மிதக்கும், டாட் தண்ணீரோடு கலந்து காணாமல் போகும். இதை அந்தத் தம்பியின் மேஜை மேலேயே ஒரு டம்ளர் வைத்துச் செய்து காட்டினேன். சண்டை போடத்தான் போனேன். அவர் டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "மினரல் ஆயில் பாட்டில் என்ன விலைங்ணா?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார், நான் வாங்கவில்லை.

கழுவி மறுபடி மினரல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ரப்பர் குடித்தது குடித்ததுதான். என் மாடலுக்கு சீல் தனியாகக் கிடைக்கவும் இல்லை. முன்னும் பின்னும் லீவர், ஓஸ், காலிப்பர் எல்லாம் புதுசு, பேட்டும் புதுசு: 5,800 ரூபாய். 'வி-பிரேக்குக்கு மாறிக்குங்க மாமா' என்று மச்சினன் அன்றிலிருந்து இன்றுவரை சொல்கிறான். நஞ்சராயன் குளத்துப் பக்கம் மழைக்குப் பிறகு மண் தடத்தில் ஒருநாள் என்னோடு வரட்டும். ரிம் முழுக்கச் சேறு அப்பிய பிறகு ரப்பர் கட்டை எதைப் பிடிக்கும் என்று அவனே பார்க்கட்டும். ஹைட்ராலிக் வாங்கியது சரி, ஆயில் ஊற்ற விட்டதுதான் தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் பிரேக் ஒட்டியதற்கு ஆயில் குறைவு காரணமே இல்லை. கார்த்திகையில் புது பிரேக்கும் அதே மாதிரி ஒட்டத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. இந்தத் தடவை எங்கேயும் கொண்டுபோகவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பேட்டை எடுத்து, லீவரை மெதுவாக அமுக்கினேன். இடது பிஸ்டன் வந்தது, வலதில் அசைவே இல்லை. ஓடுகிற பிஸ்டனை டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினால் ஒட்டியது வெளியே வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும், அதற்கு மேல் போனால் பிஸ்டன் கையில் வந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிஸ்டனைச் சுற்றித் துடைத்தேன். குச்சியில் வந்தது கறுப்புப் பசை. அதை விரலில் தேய்த்தால் உள்ளே சிவப்பாக நூல்பஞ்சு. அந்த மாதம் முழுக்க எங்கள் தையல் பவர் டேபிளில் ஓடியது சிவப்பு கலர் லாட். குடோனில் ஓவர்லாக் மெஷினுக்குப் பின்னால்தான் சைக்கிளை நிறுத்தியிருந்தேன்.

பனியன் தொழிலில் இருந்துகொண்டு சைக்கிள் ஓட்டும் நம் எல்லோர் கதையும் இதுதான். காலையில் ஓட்டிவிட்டு எட்டரைக்கு ஷட்டர் தூக்க வேண்டும், சைக்கிள் வைக்க குடோனை விட்டால் இடம் கிடையாது. குடோனில் பறக்கிற பஞ்சு, ஓட்டும்போது சேரும் ரோட்டுத் தூசி, பேட் தேய்ந்த பொடி மூன்றும் சேர்ந்து பிஸ்டன் ஓரத்தில் உறைகிறது. பழைய பெட்ஷீட்டாவது போட்டு மூடி வையுங்கள். துடைத்தபிறகு பிஸ்டன் ஓரத்தில் ஒரு சொட்டு மினரல் ஆயில் தொட்டு, உள்ளே தள்ளி, வெளியே கொண்டுவந்து, ஐந்தாறு தடவை செய்தால் இரண்டும் சேர்ந்து நகரும். எனக்கு இருபது நிமிடம் ஆனது. மெஷின் ஆயில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். செக்கிங் டேபிளில் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன்னைக் காலிப்பர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, எந்தக் கரைப்பான் ரப்பரை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கைத் துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். ஊருக்கெல்லாம் அனுப்புகிற சரக்குதான், ஆனால் அதில் சாஃப்ட்னர் இருக்கும். சுத்தமான காகிதத் துவாலை போதும்.

மற்றதெல்லாம் சாதாரண வேலை. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அமுக்கிப் பிடித்தபடி முறுக்கினால் நடுவில் உட்காரும். டிஸ்க் வளைந்திருக்கிறதா, அச்சு சரியாக இறுகியிருக்கிறதா பாருங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர், 1.5 ஆனால் மாற்ற வேண்டும். ஏர் எடுப்பதாக இருந்தால் பேட்டைக் கழற்றி, பிஸ்டன்களை முழுசாக உள்ளே தள்ளி, நடுவில் பிளாஸ்டிக் கட்டை வைத்துவிட்டுத்தான் ஆயில் ஏற்ற வேண்டும். தேய்ந்த பேட்டோடு ஆயிலை நிரப்பிவிட்டு அப்புறம் புதுப் பேட் போட்டால் பிஸ்டன் உள்ளே போக இடமிருக்காது, அப்போதும் ஒட்டும்.

பங்சர் போட சக்கரத்தைக் கழற்றினால், அக்கா பையன் வந்து லீவரை அமுக்கிப் பார்ப்பான். டிஸ்க் நடுவில் இல்லாததால் இரண்டு பேட்டும் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். பனியனை மடிக்க உள்ளே வைக்கிற அட்டையை நான்காக மடித்து பேட்டுகளுக்கு நடுவில் செருகி வையுங்கள். இப்போது சக்கரத்தில் கை வைத்ததுமே அவனே அட்டை தேடி ஓடுகிறான்.