வியாபாரமும் விளம்பர ஒழுங்கும்



நம் கடைகளில் கணக்குப் புத்தகம் உண்டு; கதவு திறக்கவும் அடைக்கவும் நேரம் உண்டு. ஆனால் இக்காலத்தில் கடைக்கு இன்னொரு வாசலாகிவிட்ட முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் முதலியவற்றுக்கு மட்டும் நம்மிடம் நேரமும் இல்லை, கணக்கும் இல்லை. மனம் வந்தால் திறக்கிறோம். அலுப்புத் தட்டினால் அடைத்துவிடுகிறோம். இதனால் விளையும் நஷ்டத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். ஓதியது மத்ரஸாவில், படித்தது ஆரம்பப் பள்ளியில். ஆகவே பெரிய தத்துவம் எதுவும் இங்கே கிடையாது. ஜாலான் புசாரில் கைலியும் துண்டும் தொப்பியும் விற்கும் ஒருவனின் அனுபவமே இது.

2020 ஏப்ரல் 7-ல் கொவிட்-19 கட்டுப்பாடு வந்து, நம்மைப் போன்ற கடைகள் ஜூன் 19 வரை அடைபட்டுக் கிடந்தன அல்லவா? அப்பொழுதுதான் நான் கைப்பேசியைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் கீழே வைக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் படங்கள். காலை வணக்கம் ஒன்று, இரவு வணக்கம் ஒன்று. சாப்பிடும்போதும் எவர் பார்த்தார், எவர் பார்க்கவில்லை என்ற ஆராய்ச்சி. கடை திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதிரே வாடிக்கையாளர் கைலியை விரித்துப் பார்த்து நிற்பார். நானோ எங்கோ இருக்கும் ஒருவருக்கு விலை எழுதிக்கொண்டிருப்பேன். நின்றவர் போய்விடுவார், விலை கேட்டவரும் வரமாட்டார். அஸர் தொழுகைக்கு நிற்கும்போதும் சட்டைப்பையில் கைப்பேசி நடுங்கும். வீட்டில், "நீங்கள் கடையில் இருக்கிறீர்களா, வீட்டில் இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

சலித்துப்போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டேன். ஐந்து மாதம் ஒரு படமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பிகள் இருவர் கடைக்கு முன் நின்று வியப்போடு சொன்னார்கள்: "கடையை எடுத்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தோம், பாய்! மூன்று மாதமாக வேறு கடையில் வாங்குகிறோம்." கதவு திறந்திருக்க, விளக்கு எரிந்துகொண்டிருக்க, அந்த மற்றொரு வாசல் அடைந்து கிடந்ததால் கடையே இல்லை என்றாகிவிட்டது. எத்தனை பேர் இப்படி எண்ணிப் போனார்களோ, அதற்குக் கணக்கில்லை.

சிறிதாயினும் விடாமல் செய்யும் அமலின் மேன்மையை எங்கள் ஹஸரத் சிறு வயதில் சொல்லித் தந்திருந்தார். அதை வியாபாரத்துக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு நாற்பது வயது வேண்டியிருந்தது. நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1887-ல் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் இதே சிங்கையில் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார்கள். அச்சுக் கோத்து, தாள் வாங்கி, சந்தா வசூலித்து வாரந்தோறும் இதழ் கொண்டுவந்தவர்களின் உழைப்பை எண்ணிப் பாருங்கள். நமக்கு ஒரு படம் எடுத்து இரண்டு வரி எழுதத்தான் சோம்பல்!

இப்பொழுது நான் செய்வது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் கடைத்தெருவில் கூட்டம் இராது. அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, வாசல் வெளிச்சத்தில் ஐந்தாறு படங்களை எடுத்து, வேண்டிய வரிகளையும் எழுதி வைத்துவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று முறைதான் வெளியிடுவது. வியாழன் இரவு புதுச் சரக்கு. சனி மாலை, மறுநாள் விடுமுறையில் தேக்கா பக்கம் வரும் தொழிலாளத் தம்பிகளுக்காக விலையும் கடை நேரமும். இடையில் திங்களன்று விற்பனையே இல்லாத ஒரு செய்தி: புதுக் கைலியை முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்பது போல. வேடிக்கை என்னவென்றால், இந்தத் திங்கள் செய்தியைத்தான் பலர் பிறருக்கு அனுப்புகிறார்கள். எந்நேரமும் "வாங்குங்கள், வாங்குங்கள்" என்று கூவுகிறவனை எவர்தாம் விரும்புவார்?

பதில் எழுத இரண்டு நேரம்: லுஹருக்குப் பின் அரை மணி, அஸருக்குப் பின் அரை மணி. 2018-ல் வந்த வணிகத்துக்கான வாட்ஸ்அப்பில், கடை அடைத்த பின் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. "கடை நேரம் இன்னது; நாளை பதில் தருகிறோம்" என்று எழுதி வைத்துவிட்டேன். எவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்; பெருநாள் சரக்குக்குத் தராவீஹுக்குப் பின்தான் கேள்விகள் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை துணியின் நிறத்தைக் கைப்பேசியில் சற்றே பளிச்சென்று ஆக்கிப் போட்டேன். ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வந்த ஒரு பெரியவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாமெல்லாரும் பயானில் கேட்டதுதான். படத்திலும் ஈரம் மறைக்க இடமுண்டு, சகோதரர்களே. இப்பொழுது உள்ள நிறம் உள்ளபடி போகிறது. சாயம் போகும் ரகமானால் அதையும் எழுதுகிறேன்.

வாடிக்கையாளரின் எண்ணும் ஓர் அமானிதமே. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்போர் தம் எண்ணைப் பதிந்துகொள்ளும் பதிவேடு 2014 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. "செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே நம் எண்ணையும் அவர் கைப்பேசியில் பதியச் சொல்லுங்கள். அவர் பதியாவிட்டால், பலருக்கு ஒருசேர அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி அவரிடம் போய்ச் சேராது. இது தெரியாமல் ஓராண்டு காற்றில் பேசிக்கொண்டிருந்தேன்.

நோட்டு என்றதும் சில இளைஞர்கள் சிரிப்பார்கள். 2021 அக்டோபர் 4 இரவு முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகமெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே கம்பெனியுடையவை. மறுநாள் நான் சுபுஹுக்கு எழுந்தபோதும் ஓடவில்லை. அன்று காலையில்தான் கடன் நோட்டுக்குப் பக்கத்தில் இந்த இரண்டாவது நோட்டையும் தொடங்கினேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். முகநூலுக்கும் இன்ஸ்டகிராமுக்கும் உரிய படங்களை முன்கூட்டியே தேதி குறித்து ஏற்றி வைத்துவிட்டேன். வாட்ஸ்அப் பதில்களைத் தம்பி பார்த்துக்கொண்டான். திரும்பி வந்த ஞாயிறன்று அந்தப் புதுக்கோட்டைத் தம்பிகளில் ஒருவர் வந்து, சனிக்கிழமைப் படத்தைக் காட்டி, "இதில் இரண்டு எடுத்து வையுங்கள், பாய்" என்றார். நான் ஊருக்குப் போனதே அவருக்குத் தெரியாது.