வைரத்தினும் வலிய சுவர்

பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் ‘டாக்டர் ஹூ’. இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ‘டாக்டர்’ என்னும் வேற்றுக்கோளினர் இதன் நாயகர். அவருடன் எப்போதும் ஒரு தோழியோ தோழரோ இருப்பர். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் கூறும் விடைகளின் வழியே பார்வையாளர் கதையை அறிவர். 2015 நவம்பர் 28 அன்று ஒளிபரப்பான ‘ஹெவன் சென்ட்’ என்னும் பகுதி இந்த வழக்கத்தைக் கைவிட்டது. ஏறத்தாழ முழுப் பகுதியிலும் திரையில் பேசுபவர் பீட்டர் கபால்டி ஒருவரே.

ஸ்டீவன் மொஃபாட் எழுதி, ரேச்சல் தலாலே இயக்கிய இப்பகுதி, தோழி கிளாரா இறந்தவுடன் தொடங்குகிறது. துயரம் சிறிதும் ஆறாத நிலையில், கடல் சூழ்ந்த கோட்டை ஒன்றில் டாக்டர் அடைக்கப்படுகிறார். முக்காடிட்ட ஓர் உருவம், ஈக்கள் மொய்க்க, அவரைத் தொடர்கிறது. அது விரைவதில்லை, ஓய்வதுமில்லை. இதுவரை எவரிடமும் கூறாத உண்மையை அவர் கூறினால் மட்டுமே சற்று நிற்கும். சாவைக் கண்டு தாம் அஞ்சுவதாக அவர் முதலில் ஒப்புக்கொள்கிறார். எதற்கும் கலங்காதவராகவே அவரைக் கண்டு பழகியோர்க்கு இஃது அதிர்ச்சியே.

கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் ஒருவரைப் பேசவைப்பது எப்படி? இடர் நெருங்கும்போதெல்லாம் டாக்டரின் மனம் தம் விண்கலத்தின் அறைக்குச் சென்றுவிடுகிறது. அங்கே கிளாரா முதுகு காட்டி நின்று, கரும்பலகையில் கேள்விகளை எழுதுகிறாள். இறந்தவளிடமே அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாடக உத்தியாகத் தொடங்கியது இவ்வாறு துயரத்தின் வடிவமாகவே மாறிவிடுகிறது. இப்பகுதியின் சிறந்த அமைப்பு இதுவே எனலாம்.

கோட்டையின் ஓர் அறையில் 20 அடி தடிமனுள்ள சுவர் வழியை மறிக்கிறது. அது வைரத்தைக் காட்டிலும் 400 மடங்கு வலியது. அதன்முன் நிற்கும்போதுதான், தாம் இதற்கு முன்பும் எண்ணற்ற முறை இங்கு வந்து மடிந்திருப்பது அவருக்குப் புலப்படுகிறது. தாம் மறைத்துவைத்த மற்றோர் உண்மையைக் கூறினால் விடுதலை கிடைக்கும். கூற அவருக்கு மனமில்லை. இம்முறை மட்டும் தோற்றுப்போகலாகாதா என ஏங்குகிறார். பின்னர் எழுந்து, வெறுங்கையால் சுவரைக் குத்துகிறார். உருவம் தீண்ட, உயிர் பிரியும் நிலையில் ஊர்ந்து சென்று, தம் உடலையே எரிபொருளாக்கி, கோட்டைக்குள் தாம் வந்திறங்கிய கருவியை இயக்குகிறார். அதிலிருந்து அவருடைய நகல் ஒன்று, எதையும் அறியாமல், வெளிவருகிறது.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை ஒன்றில், வைரமலையில் நூறாண்டுக்கு ஒருமுறை அலகைத் தீட்டும் பறவை வருகிறது. மலை முழுவதும் தேயும்போது முடிவிலியின் முதல் நொடி கழிந்திருக்குமாம். சுவரைக் குத்தியவாறே டாக்டர் இக்கதையைச் சொல்கிறார். சுழற்சிதோறும் சில சொற்களே கூடுகின்றன. முர்ரே கோல்டின் இசை உயர்கிறது. காட்சிகள் குறுகிக்கொண்டே போகின்றன. இவ்வாறு கழிவன 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல், ஏறத்தாழ நம் பூமியின் வயது. மற்ற அறைகள் பழைய நிலைக்குத் திரும்ப, சுவர் மட்டும் தேய்வது எங்ஙனம் என வினவலாம். கதை அதனை விரிவாக விளக்குவதில்லை. பார்ப்பவரும் அக்கணத்தில் அதைக் கேட்பதில்லை.

பார்வையாளருக்குச் சில நிமிடங்களில் கழியும் அக்காலத்தில் டாக்டர் முதுமையடையவில்லை, ஆறுதலும் அடையவில்லை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அவருக்குக் கிளாரா சற்றுமுன் இறந்தவள். சுவர் உடைந்து, தாய்க்கோளான காலிஃப்ரேயின் மணலில் அவர் கால்வைக்கும்போதும் அப்படியே.