கனவுக்குள் விழித்தவருக்கு ஞானதிருஷ்டி வருமா?

கேள்வி: ‘இது கனவு’ என்று தெரிந்துகொண்டே கனவு காண்பவர்களுக்கு, தொலைவில் நடப்பதும் வரப்போவதும் தெரியும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை எங்கே தொடங்கியது?

பதில்: அனுபவம் மிகப் பழையது. தூங்கும்போதே, பார்ப்பது கனவுதான் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். திபெத்திய பௌத்தத் துறவிகள் கனவில் விழித்திருப்பதை ஒரு யோகப் பயிற்சியாகவே வளர்த்தார்கள். 1867-இல் எர்வே தெ சான் தெனி என்ற பிரெஞ்சு அறிஞர், கனவைத் தன் விருப்பப்படி நடத்தும் முறைகளைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். அட்டையில் தன் பெயரைப் போடவில்லை.

ஆனால் இன்று நாம் கேட்கும் வடிவத்தில் இந்த நம்பிக்கை உருவான இடம் லண்டன். ஆவி, டெலிபதி (மனத்தோடு மனம் பேசுவது) போன்றவற்றை முறையாக ஆராய 1882-இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ‘டெலிபதி’ என்ற சொல்லை அதே ஆண்டில் உருவாக்கியவர் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் மையர்ஸ். ‘லூசிட் ட்ரீம்’, அதாவது தெளிவுக்கனவு, என்ற பெயரை நிலைக்கச் செய்த கட்டுரையும் 1913-இல் அந்தச் சங்கத்தின் ஏட்டில்தான் வந்தது. எழுதியவர் ஃபிரெடெரிக் வான் ஈடன். ஹாலந்து நாட்டு மனநல மருத்துவர், கவிஞர், நாவலாசிரியர். தெளிவுக்கனவு என்றதும் ஞானதிருஷ்டியும் கூடவே பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

கேள்வி: வான் ஈடன் தன் கனவில் வருங்காலத்தைக் கண்டாரா?

பதில்: ஒரே ஒருமுறை கண்டதாகச் சொல்கிறார். அதைச் சொல்வதற்கு முன் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிய வேண்டும். 1898 ஜனவரிக்கும் 1912 டிசம்பருக்கும் இடையில் தனக்கு வந்த 352 தெளிவுக்கனவுகளை அவர் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு முன்பே, 1897-இல் வந்த முதல் தெளிவுக்கனவில் இலையுதிர்ந்த மரங்களுக்கு மேலே மிதந்து போகிறார். தான் நகர நகரக் கிளைகளின் தோற்றம் இயல்பாக மாறுவதைக் கவனித்து, இவ்வளவு நுட்பத்தைக் கற்பனை எப்படிப் படைக்கும் என்று தூக்கத்திலேயே வியக்கிறார். 1904 செப்டம்பர் 9-ஆம் தேதிக் கனவில் ஒயின் கிண்ணத்தை ஓங்கிக் குத்துகிறார், அது உடையவில்லை. சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது. கனவுலகம் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டு நிஜத்தைப் போல நடிக்கிறது என்று அதிலிருந்து அவர் முடிவுக்கு வருகிறார். தூக்கத்திலும் சோதனை செய்து பார்த்த மனிதர் அவர். எனக்கு அவர்மீது பெரிய மதிப்பு உண்டு.

1903 மே மாதக் கனவில், இறந்துபோன அவருடைய மைத்துனர் வருகிறார். பெரிய பண இழப்பு வரப்போகிறது, 10,000 கில்டர் பறிபோகும் என்று எச்சரிக்கிறார். விழித்தெழுந்த வான் ஈடனுக்கு ஒன்றும் புரியவில்லை. இழக்க அந்த நேரத்தில் கையில் அவ்வளவு பணமே இல்லை என்கிறார். பின்னால் இழப்பு வந்தது. ஆனால் தொகை கனவில் சொன்னதைப்போல இருபது மடங்கு. பியூசம் ஊரில் 1898-இல் அவர் தொடங்கிய ‘வால்டன்’ கூட்டுப் பண்ணையும் 1907-இல் மூடப்பட்டது.

தொகை பொருந்தவில்லை என்பதை அவரே எழுதுகிறார். அந்த அளவுக்கு அழுத்தமாகத் தெளிவுக்கனவில் வந்த முன்னறிவிப்பு வேறெதுவும் இல்லை என்றும் எழுதுகிறார். இன்னொரு விவரத்தையும் மறைக்கவில்லை. அவருடைய வீழ்ச்சிக்கு வித்திட்ட ரயில்வே வேலைநிறுத்தங்கள் நடந்தது அதே 1903-இல்தான். நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். நாடே கொந்தளித்த ஆண்டில், ஒரு பண்ணையின் பொறுப்பைத் தோளில் சுமந்த மனிதருக்குப் பணம் போய்விடும் என்ற அச்சம் உள்ளுக்குள் இருந்திருக்கும். பகலில் ஒதுக்கி வைத்த அச்சத்துக்கு இறந்த மைத்துனரின் முகம் கிடைத்ததில் வியப்பில்லை. உலகம் இந்த முன்னறிவிப்பை அச்சில் படித்ததோ பத்து ஆண்டுகள் கழித்து, எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே?

பதில்: வான் ஈடனுக்கும் தெளிவுக்கனவுகள் எல்லாமே காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் வந்தன. விடியற்பொழுதுக் கனவுக்கு இத்தாலியக் கவிஞர் தாந்தே தந்த சிறப்பையும் அவர் நினைவுகூர்கிறார். காரணம் உடலில் இருக்கிறது. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கநிலையை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் கண்டுபிடித்தார்கள். இரவு செல்லச் செல்ல இந்த நிலை நீண்டுகொண்டே போகும். விடியும் நேரத்தில் மிக நீளமாக இருக்கும். தெளிவான கனவு அப்போது வருகிறது, சீக்கிரமே விழிப்பும் வந்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. நினைவில் நிற்கும் கனவுதானே பலித்ததா என்று பார்க்கப்படும்?

கேள்வி: தெளிவுக்கனவு என்பதையே விஞ்ஞானிகள் நம்ப மறுத்தார்களாமே. பிறகு எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பதில்: இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கனவு காணும் நேரத்தில் உடல் தசைகள் கிட்டத்தட்ட முழுவதும் செயலற்றுக் கிடக்கும். கண் தசைகள் அதில் அடங்காமல் அசையும். அப்படியானால் கனவுக்குள் இருப்பவர் வேண்டுமென்றே கண்ணை அசைத்துச் செய்தி அனுப்பலாம் அல்லவா? 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைச் சோதித்தார். தூங்கியவர் ஆலன் வோர்ஸ்லி. முன்பே பேசி வைத்தபடி அவர் கனவுக்குள்ளிருந்து கண்களை இடமும் வலமுமாக அசைத்தார், கருவி அதைத் தாளில் வரைந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபார்ஜ் தனியாக இதே வழியில் போய் 1981-இல் முடிவுகளை வெளியிட்டார். அதன் பிறகு சந்தேகம் நீங்கியது.

2021-இல் இன்னும் ஒரு படி. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்களில், 36 பேர் பங்கேற்ற ஆய்வில், கனவின் நடுவிலேயே கேள்வி கேட்டார்கள். ‘எட்டில் ஆறு போனால்?’ என்று கேட்டதற்கு ஒருவர் கண்ணை இருமுறை அசைத்து விடை சொன்னார். 158 முயற்சிகளில் ஏறக்குறைய 18 சதவீதத்தில் சரியான விடை வந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் பதிலே வரவில்லை. அந்த எண்ணிக்கையை அப்படியே வெளியிட்டதால்தான் அதை நான் நம்புகிறேன். வெளியிலிருந்து செய்தி கனவுக்குள் போனது உண்மை. ஒலியாகவும் ஒளியாகவும் தொடுகையாகவும் போனது. தூங்குபவரின் காது மூடியிருப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசியது கனவில் கேட்டால் அதை ஞானதிருஷ்டி என்று எடுத்துக்கொள்ள இது எவ்வளவு எளிதாக இடம் கொடுக்கிறது!

கேள்வி: கனவில் டெலிபதி உண்டா என்று யாரும் சோதிக்கவில்லையா?

பதில்: சோதித்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள மைமோனிடிஸ் மருத்துவமனையில் 1960-களில் மான்டேகு உல்மனும் ஸ்டான்லி கிரிப்னரும் இதற்கென ஒரு ஆய்வுக்கூடம் நடத்தினார்கள். வேறொரு அறையில் ஒருவர் ஓர் ஓவியத்தை உற்றுப் பார்ப்பார். தூங்குபவரைக் கனவு நிலையில் எழுப்பிக் கனவைக் கேட்டுப் பதிவு செய்வார்கள். கனவு எந்த ஓவியத்தோடு ஒத்துப்போகிறது என்று நடுவர்கள் வரிசைப்படுத்துவார்கள். சில தொடர்களில் தற்செயலை மிஞ்சிய பொருத்தம் கிடைத்ததாக அறிவித்தார்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. 1978-இல் கூடம் மூடப்பட்டது. அங்கே தூங்கியவர்கள் கண்டவை சாதாரணக் கனவுகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கனவுக்குள் விழித்திருக்கும் ஒருவரால் அடுத்த அறையில் உறையிட்ட எண்ணைப் படித்து, தூங்கியபடியே கண் அசைவால் சொல்ல முடிந்தால் விவாதம் அன்றே தீர்ந்துவிடும். கருவி இருக்கிறது, முறை இருக்கிறது. அப்படி ஒரு விடை, ஐயமின்றி, மறுபடியும் மறுபடியும் இதுவரை வந்ததில்லை. ஆகவே என் தீர்ப்பு: தெளிவுக்கனவு உண்மை, அதில் ஞானதிருஷ்டி நிரூபிக்கப்படவில்லை.

கேள்வி: எனக்கு இப்படிப்பட்ட கனவுகள் வருகின்றன. சில பலிக்கவும் செய்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: பயப்பட வேண்டாம். நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருமுறையாவது தெளிவுக்கனவு கண்டிருக்கிறார்கள். தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எழுந்தவுடன் கனவைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். ஏதாவது முன்னறிவிப்பு என்று தோன்றினால், அது நடப்பதற்கு முன்பே வீட்டில் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பலிக்காதவற்றையும் கிழிக்காமல் வைத்திருங்கள். தெளிவுக்கனவு வரவேண்டும் என்று அலாரம் வைத்து இரவில் எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயிற்சிகளில் இறங்கவே கூடாது. ஓராண்டு எழுதிய பின் நோட்டை எடுத்து, பலித்தவை எத்தனை, பலிக்காதவை எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.