ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் இல்லை

“கழுவும்போது மிதக்குதுங்க, பிளாஸ்டிக் அரிசியைக் கலந்துட்டாங்க!” மைசூரில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. மிதக்கும் மணிகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுகிறார்கள், படித்தவர்களும்தான்.

அவை சத்துகள் செறிவூட்டிய மணிகள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவில் நறுக்கி உலர்த்துகிறார்கள். 100 கிலோ அரிசிக்கு இந்த மணிகளில் 1 கிலோ கலப்பார்கள். உள்ளே காற்று தங்கும் மணிகள் மிதக்கும். அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு இது புதிதா என்ன? செலுவாம்பா மாளிகையில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் காலத்திலேயே மரவள்ளி மாவையும் நிலக்கடலை மாவையும் கலந்து அரிசிக்கு மாற்று உணவு செய்து காட்டியது.

சந்தேகம் தீரவில்லையா? வெந்த மணியின்மேல் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமானால் அது மாவுச்சத்து. பிளாஸ்டிக் அப்படி மாறாது. சோற்று உருண்டை பந்தாகத் துள்ளும் வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள். எந்த அரிசியின் சோற்றையும் இறுக்கி உருட்டினால் துள்ளும். பிளாஸ்டிக் குருணை ரேஷன் அரிசியைவிட விலை அதிகம். கைக்காசைப் போட்டுக் கலப்படம் செய்ய எந்த வியாபாரி வருவான்?

நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இந்த மணிகள் கலந்த செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. தினம் 200 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அதிலிருந்து ஐந்தரை மில்லிகிராம் அளவுக்காவது கிடைக்கும். அவளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். கிடைக்கிற அந்தப் பங்கையும் பொறுக்கி எறிந்தால் எப்படி? தலசீமியா, அரிவாள்செல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சத்து மாத்திரைகளைப் பற்றியும் வதந்திகள் உண்டு. கர்ப்பிணி இரும்பு மாத்திரை தின்றால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமாம். பொய். மலம்தான் கறுக்கும், அதனால் கெடுதல் இல்லை. வைட்டமின் சி மாத்திரை சளி வராமல் தடுக்கும் என்பதும் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. கூடுதலாக விழுங்கினால் கூடுதல் பலம் என்பது ஆபத்து: வைட்டமின் ஏ, டி இரண்டும் உடலில் தங்கி நஞ்சாகும்.

நான் ஓயாமல் சொல்லிவருவது இன்னொன்று. சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடிக்காதீர்கள். காபியிலும் டீயிலும் உள்ள பாலிபீனால்கள் சோற்றிலிருக்கும் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. ஒரு மணிநேரம் பொறுங்கள். சாம்பாரிலோ கோசம்பரியிலோ எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.